குப்பியில் மிஞ்சிய மருந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது, உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வழக்கம்போலச் சித்தியிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெற்ற பிள்ளை சாப்பிட்டாளா என்று அறிய நான் சித்தியின் அழகு நிலையம் வரைக்கும் நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே முகத்தில் மாவு அப்பிக்கொண்டு கண்ணை மூடி வரிசையாகச் சாய்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே போய் நின்று, "என் பொண்ணு பேசினாளா" என்று கேட்டால், சித்தி வாயைத் திறப்பதற்குள் மாவுக்குள்ளிருந்து ஒருத்தி, "காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டாளாம், மத்தியானம்தான் இறங்கலையாம்" என்கிறாள். அவள் யாரென்று எனக்குத் தெரியாது, மாவைக் கழுவினாலும் தெரிந்திருக்காது. அவளுக்கு உன் மத்தியானச் சாப்பாடுவரை தெரிந்திருக்கிறது.

பொறாமையா என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொள்கிறேன், பொறாமைதான், அதுவும் சாதாரணப் பொறாமை இல்லை, அடுப்புப் பற்றவைக்காமல் பால் காய்ச்சிவிடலாம் என்கிற அளவுக்கு. நீ அனுப்பிய புகைப்படத்தில், உனக்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை சூரிய மின்தகடுகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன, நீ மஞ்சள் தொப்பியோடு நின்று ஒரு நீல பாட்டிலை மார்போடு அணைத்திருக்கிறாய். அந்த நீலம் சித்தி வாங்கிக் கொடுத்தது. நான் ஏழு கடை ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் பாட்டில், கையை உள்ளே விட்டுக் கழுவுகிற மாதிரி அகல வாய் வைத்தது, அதில் நீ பேனா போட்டு வைத்திருப்பதாக அப்பாவிடம் சொன்னாயாம். அப்பா இதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்கு எதையும் நடுவில் நிறுத்தத் தெரியாது, தரைத்தளம் வரைக்கும் கொண்டுவந்து இறக்கிவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் மனசு சரியில்லாதபோது அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டால் எனக்குத் தெம்பாக இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக மருத்துவமனையின் பின்கட்டில், வெயில் நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஊசி போட்டு அட்டையில் கையெழுத்துப் போடுகிறேன். இந்த ஊரிலிருந்து என் கையால் குத்து வாங்காமல் எவரும் அந்தப் பக்கம் போனதில்லை, நான் மட்டும் பஸ் டிப்போவைத் தாண்டியதில்லை. ஊசி போட்டால் மட்டும் அட்டை கிடைக்காது, அங்கே எதைக் குடிக்க வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது, எப்போது நிழலுக்குள் ஓட வேண்டும் என்று நான் சொல்வதை அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுவரை அட்டை என் கைக்கடியில்தான் இருக்கும். பெரிய பெரிய கம்பெனி முதலாளிகள்கூட என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணி, தோல் உரிச்ச பழம், ஐஸ் கூடாது என்று ஒப்பித்திருக்கிறார்கள். நீயும்தான் ஒப்பித்தாய், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒப்பித்ததில் பாதியைக் குடித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உன் பக்கம் போகிறவர்களுக்குக் கட்டாயமான மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கள் அறையில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான். ஒரு குப்பியில் ஐந்து பேருக்கு மருந்து இருக்கும், திறந்துவிட்டால் ஆறு மணி நேரம்தான், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். அதனால் வந்தவர்களின் படிவத்தையெல்லாம் வாங்கி வைத்து, ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் திறப்போம். அன்று நாலு பேர் படிவம் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஐந்தாவது படிவம் மேசைக்கு வந்தது, நான் குனிந்த தலை நிமிராமல் எந்த நாடு என்றேன், நீ வேலை பார்க்கும் நாட்டின் பெயர் வந்தது. எத்தனை நாள் என்றேன், ஒரு மாசம் என்றது குரல். என்ன காரியமாகப் போறீங்க என்றேன். "உன் பொண்ணைப் பாத்துக்க" என்றது. நிமிர்ந்தால் சித்தி. கண்ணில் மை, உதட்டில் சாயம், கையில் கம்பெனிக் கடிதம். நீ பத்து நாள் முன்னால் தகடுகளுக்கு நடுவே மயங்கி விழுந்ததும், கம்பெனி டாக்டர் குளுக்கோஸ் ஏற்றியதும், ஆறு கிலோ இளைத்திருப்பதும், வெளிவேலை வேண்டாம், வீட்டு ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டுக் கூட வைத்துக்கொள் என்று அவர்கள் டிக்கெட் கொடுத்ததும், அந்த ஒருத்தராக நீ சித்தியைக் கேட்டதும், எல்லாம் எனக்கு அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்தது. ஊரில் வேறு எங்கேயாவது அந்த ஊசி கிடைத்திருந்தால் இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது.

ஏன் என்கிட்ட சொல்லலை என்று கேட்டேன். சித்திக்கு மழுப்பத் தெரியாது, அது உனக்கும் தெரியும். "நீ பயந்துடுவேன்னுதான் அக்கா" என்று ஆரம்பித்தாள், நான் பார்த்த பார்வையில் மிச்சமும் வந்துவிட்டது. "அம்மா வந்தா எத்தனை டம்ளர் குடிச்சேன்னு சீட்டுல எழுதி சுவத்துல ஒட்டும், எனக்கு ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மாதிரியே இருக்கும் சித்தி, நீங்க வந்தா நான் சாப்பிடுவேன்" என்று நீ சொன்னாயாம். உன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள், அவளுக்கு அந்தத் திறமை வேறு. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரித்துக்கொண்டே ஐந்து படிவத்தில் மேலே இருந்ததை எடுத்து அவள் கையில் கொடுத்து, "இன்னிக்கு ஆள் சேரலைடி குட்டி, நாலு பேருக்காகக் குப்பியைத் திறக்க முடியாது, வெள்ளிக்கிழமை வா" என்றேன். ஐந்தாவது ஆளே அவள்தான். அவளுக்கு எங்கள் கணக்கு என்ன தெரியும், "சரிக்கா" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு, ஞாயித்துக்கிழமை கடைக்கு வா, சும்மா பண்ணிவிடறேன்" என்றாள். அவள் வாசலைத் தாண்டியதும் டீக்கடையிலிருந்து நாலு பேரும் வந்தார்கள், குப்பியைத் திறந்து நாலு பேருக்கும் போட்டேன். குளிர்பெட்டிச் சாவியை இடுப்பை விட்டு இறக்காத எங்கள் மருந்தாளுநர், நாங்கள் ஐஸ்பெட்டி என்று கூப்பிடுகிறவர், "சிஸ்டர், அஞ்சு படிவம் இருந்துச்சே" என்றார். அவங்களுக்கு லேசா ஜுரம், திருப்பி அனுப்பிட்டேன் என்றேன். சாயங்காலம் குப்பியின் அடியில் மிஞ்சிய அந்த அரை மில்லியை நானே கொண்டுபோய்க் கொட்டினேன். ஒரு சொட்டுச் சிந்தினாலே மற்ற நர்சுகளை நான் என்ன பேச்சுப் பேசுவேன் என்று ஐஸ்பெட்டிக்குத் தெரியும், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

என் திட்டம் என்னவென்று கேள். எனக்குத்தான் ஊசி எப்போதோ போட்டாயிற்றே, அட்டை கையில் இருக்கிறது, லீவு மட்டும் கிடைத்தால் அந்தச் சனிக்கிழமை விமானத்திலேயே ஏறி, சித்திக்கு முன்னால் உன் வாசலில் நின்றுவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை குட்டி வந்தால், உனக்கு எதுக்குச் சிரமம், நானே போறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த வசனத்தைப் பாத்திரம் கழுவும்போது இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், அப்பா யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். அன்று இரவு நீ போன் செய்தாய், "நல்லா இருக்கேம்மா, இங்க காத்துகூடக் குளிருது" என்றாய், நானும் நல்லா இருக்கேன் என்றேன். வியாழக்கிழமை பெரிய டாக்டர் என் லீவு விண்ணப்பத்தைப் பார்த்து, "மாத்து ஆள் கிடைக்காம ஒரு மாசம் எப்படி சிஸ்டர், உங்க வீட்ல வேற யாரும் போக முடியாதா" என்று கேட்டார். இருக்காங்க சார் என்று சொல்வதற்குள் எனக்கு வாய் கசந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை குட்டிக்கு ஊசி போட்டேன். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு ஊசி என்றால் நடுக்கம், என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள், மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. திருப்பிச் சொல்லு என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன், எங்கேயாவது ஒரு இடத்தில் தப்பு விடுவாள், பார்த்தாயா உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம் என்று. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நான் கேட்காததையும் சொன்னாள். "அக்கா, அவளுக்கு வெயில்ல பசியே எடுக்கறதில்ல. அந்தச் சாப்பாட்டுக் கூடத்துல டீசல் வாடை வேற. தனியா உக்காந்தா தட்டைப் பாத்துக்கிட்டே இருப்பாளாம். எதிர்ல ஒருத்தர் உக்காந்து வம்பு பேசிக்கிட்டே இருந்தா கை தானா வாய்க்குப் போகும், நீ வேணா பாரு." என் இருபத்திரண்டு வருட ஒப்பித்தலில் இது இல்லை. அட்டையில் கையெழுத்துப் போட்டேன், பேனா மை வரவில்லை என்று இரண்டு தடவை உதறினேன், மை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

ஆனால் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும், உன் ஊருக்கு விமானமோ வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை போட்டிருந்தால் போன சனிக்கிழமை அவள் ஏறியிருப்பாள். வெள்ளிக்கிழமை போட்டதால் நாளைக்குத்தான் ஏறுகிறாள். நடுவில் ஒரு வாரம். அந்த வாரத்தில்தான், முந்தாநாள் புதன்கிழமை, நீ கட்டிலிலிருந்து வெடுக்கென்று எழுந்து குளியலறைக்குப் போய், தலை சுற்றி, தொட்டி விளிம்பில் மோவாயை இடித்துக்கொண்டு, மூன்று தையல் போட்டுக்கொண்டாய். முதலில் சித்திக்குத்தான் போன் செய்தாய், அதைப் பற்றி இன்றைக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சித்தி எனக்குப் போன் செய்து அழுதாள், "நான் அங்க இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டா அக்கா" என்றாள். நான் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினேன். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து என்னைத் தேற்ற ஆரம்பித்தாள். "உன் மேல என்ன தப்பு, ஆள் சேரலைன்னா நீ என்ன பண்ணுவ" என்றாள். எத்தனையோ பேரை நான் குத்தியிருக்கிறேன், இப்படி ஒரு குத்து நான் வாங்கியதில்லை. உன் மோவாயில் இருக்கும் மூன்று தையலும் நான் போட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், முன்னால் எழுதியதெல்லாம் இந்த இடத்துக்கு வரப் பயந்து சுற்றி வந்தது.

இப்போது உடம்பைப் பார்ப்போம். இந்தத் தடவை நீ ஒப்பிக்க வேண்டாம், செய்தால் போதும். படுக்கையிலிருந்து எழும்போது முதலில் உட்கார், காலைத் தொங்கப் போட்டு அறுபதுவரை எண்ணு, பிறகு எழுந்திரு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே, தாகம் தாமதமாக வருகிற விருந்தாளி, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார், அடர்ந்திருந்தால் நீ குடித்தது போதவில்லை. வியர்த்துக் கொட்டினால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இதற்கு மேல் உப்பைக் கூட்டாதே. மத்தியானம் இறங்கவில்லையென்றால் மத்தியானத்தை விட்டுவிடு, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நல்ல சாப்பாடு, வெயில் சாய்ந்த பிறகு ஒரு நல்ல சாப்பாடு, நடுவில் வாழைப்பழம், தயிர், ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்று கொறித்துக்கொண்டிரு, முட்டையோ பருப்போ மீனோ ஏதாவது ஒன்று தினமும் உள்ளே போகட்டும். ஆவி பறக்கச் சூடாக இருப்பதைச் சாப்பிடு, கடையில் அறுத்து வைத்த பழத்தை எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் தொடாதே. டாக்டர் சொல்லும்வரை வெளிவேலைக்குப் போகாதே, போன பிறகும் பதினொன்றிலிருந்து மூன்றுவரை நிழல், மேலேயிருந்து வெயில், கீழே தகட்டிலிருந்து வெயில், நீ தோசைக்கல் இல்லை. கையை மறைக்கும் தொளதொளப்பான பருத்திச் சட்டை போடு. தலைவலி, குமட்டல், வியர்வை நின்று தோல் சுடுவது, பேச்சுக் குழறுவது, இதில் எது வந்தாலும் சமாளித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே டாக்டரிடம் போ. நீல பாட்டிலிலேயே குடி. பேனாவுக்கும் ஒரு இடம் வேண்டுமே.

சித்தி எதிரில் உட்கார்ந்து பேசினால் நீ சாப்பிடுவாய் என்றால் அவள் பேசட்டும், நன்றாகப் பேசுவாள், எதிர்வீட்டுக்காரியின் இரண்டாவது நிச்சயம் எப்படி நின்றது என்று கேள், ஒரு முழுத் தட்டுக்குக் காணும். என்னைப் பற்றியும் பேசுவாள், சிரித்துவிட்டுப் போ, ஆனால் கொஞ்சமாகச் சிரி, தையல் இழுக்கும். எனக்கு ஒன்று மட்டும் செய். சித்திக்குச் சொல்லாத ஒரு விஷயம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, செருப்பு அறுந்தது என்றாவது சரி, எனக்கு மட்டும் எழுது. நான் அதைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டமாட்டேன். ஒட்டினாலும் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம்தான் ஒட்டுவேன்.

சித்தியிடம் கொடுத்தனுப்பும் இந்த உறையை நான் ஒட்டவில்லை. பசை தீர்ந்துவிட்டது என்று சித்தியிடம் சொன்னேன், பசை அலமாரியில் இருக்கிறது. எனக்கு வந்த கடிதம் எதையும் அவள் பிரிக்காமல் விட்டதில்லை, என் கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பா எழுதியதைக்கூட எனக்கு முன்னால் படித்தவள், விமானத்தில் ஐந்து மணி நேரம் வேறு வேலையும் இல்லை. நேரில் சொல்லலாம் என்று நேற்று அவள் கடைக்குப் போனேன், அவள் என் முகத்தில் மாவைப் பூசி வாயை அசைக்காதே என்று சொல்லிவிட்டாள், எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஆகையால் குட்டி, இவ்வளவு தூரம் படித்துவிட்டாய் என்றால், அன்றைக்கு ஆள் சேர்ந்திருந்தது. ஐந்தாவது ஆள் நீதான். என் பெண் உன்னைக் கேட்டாள் என்பதைத் தவிர உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது உன் குறையும் இல்லை. கடிதத்தைக் கிழித்துப்போடாமல் அவளிடம் கொடு, அவளும் தெரிந்துகொள்ள வேண்டும். இறங்கியதும் எனக்குப் போன் செய். என்னைத் திட்டுவதற்கு முன்னால் அவள் சாப்பிட்டாளா என்று மட்டும் சொல்லிவிட்டு, பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, நான் வைக்கமாட்டேன்.

கண்ணு, தையல் ஆறி, இளைத்த ஆறு கிலோவும் வட்டியோடு திரும்பி வந்து, கொண்டுபோன சட்டையெல்லாம் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி நீ வீடு வந்து சேர வேண்டும், நீண்ட ஆயுசோடு இரு. அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன எழுதுகிறாய் என்று மூன்றாவது தடவை கேட்கிறார். பெட்டியின் இடது ஓரத்தில் நாற்பது உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வைத்திருக்கிறேன், அவற்றை வெயிலில் வைக்காதே, மறக்காமல் தீர்த்துவிடு.

இப்படிக்கு,
உனக்கு அம்மா,
நடுவில் படித்தவளுக்கு அக்கா.